முகாம் தண்ணீரில் குளோரின் நிற்கவில்லை: அனுபவப்பட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம். இன மோதலில் ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கியுள்ள முகாமில் தண்ணீர்ப் பொறுப்பு எங்கள் தன்னார்வக் குழுவுடையது. 5,000 லிட்டர் தொட்டிக்கு 1% குளோரின் கரைசல் ஒரு லிட்டர் ஊற்றுகிறோம் (லிட்டருக்கு 15 கிராம் கால்சியம் ஹைப்போகுளோரைட், மண்டி தங்கியதும் தெளிவை மட்டும்). அரை மணி கழித்துக் குழாயடியில் லிட்டருக்கு 0.5 மி.கி. எஞ்சுகிறது. மாலையில் கூடாரத்தில் சோதித்தால் பூஜ்யம்.

கலங்கல் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், 5 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால் படிகாரம் போட்டுத் தெளியவைத்த பிறகே கலக்கிறோம். எங்கள் சந்தேகம் கேன்கள்மேல்தான். வாய் குறுகல், கை நுழையாது, உள்ளே வழவழவென்று பாசி. கூழாங்கல்லும் குளோரின் கரைசலும் போட்டுக் குலுக்கினால் போகுமா? என்ன செறிவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை? தொட்டியில் அளவைக் கூட்டலாம். ஆனால் வாடை தூக்கினால் மக்கள் ஓடைக்குப் போய்விடுவார்கள்.

அதைவிடப் பெரிய கவலை, 'விஷம் கலக்கிறார்கள்' என்ற பேச்சு. கொலைகளைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். இப்போது முகாம்வாசிகளே அளந்து ஊற்றுகிறார்கள். அரை மணி கழித்து முதல் குவளையை நாங்கள் குடிக்கிறோம். இரு தரப்பும் ஒரே குழாயில் பிடிக்கும் இடங்களில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? கலப்பவரை யார் தேர்ந்தெடுத்தது?