வீட்டு சர்வருக்கு ஈசிசி ராம்: காசுக்குத் தகுமா?

கேட்டவர்: முகூர்த்த கேமரா

கல்யாண போட்டோ எடுக்கறது என் தொழில். எட்டு வருஷப் படங்களை ஒரு பழைய பிசியில இசட்எஃப்எஸ் (ஃபைல் கெட்டா கண்டுபிடிக்கிற ஃபைல் சிஸ்டம்) போட்டு வெச்சிருக்கேன். போன வாரம் ஒரு படத்தைத் திறந்தா, தாலி கட்டுற கைக்குக் கீழே எல்லாம் பச்சை. ஸ்க்ரப் (டிஸ்க்ல இருக்கறதை முழுக்கச் சரிபார்க்கறது) ஓட்டினேன், பிழையே இல்லைங்குது. ஈசிசி (தன் பிழையைத் தானே கண்டுபிடிச்சுத் திருத்தற ராம்) போடுன்னு நண்பர் சொல்றார். அதுக்கு போர்டும் மாத்தணும். தேவைதானா?

பழைய இரும்பு:

ஜேபெக்ல ஒரு பிட் (0 இல்லைன்னா 1) புரண்டாலே போதும், அதுக்கப்புறம் வர்றது முழுக்க நிறம் மாறிடலாம். ஸ்க்ரப் சுத்தம்னா, பெரும்பாலும் படம் டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாடியே கெட்டிருக்கணும். இசட்எஃப்எஸ் கைக்கு வந்த சரக்குக்குத்தான் செக்சம் (பின்னாடி மாறுச்சான்னு பார்க்கற சரிபார்ப்பு எண்) போடும். கெட்டுப்போய் வந்தா கெட்டதுக்கே முத்திரை குத்தி உள்ளே வைக்கும். கெடுத்தது ராமா இருக்கலாம், ஆனா கார்டு ரீடரும் இதே வேலையைப் பண்ணும். அதனால காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கற புரோகிராம்) ஓட விடுங்க.

ஈசிசி-ல 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதல். ஒண்ணு புரண்டா திருத்தும், ரெண்டு புரண்டா சொல்லிடும். எனக்கு அந்தச் 'சொல்றது'தான் முக்கியம். என் சர்வர்ல ஒரு ராம் ஸ்டிக் சாகப்போகுதுன்னு லாக் பார்த்துத்தான் தெரிஞ்சுது, ஒரு ஃபைல்கூட போகலை. 2009-ல வந்த கூகுள் ஆய்வுல, வருஷத்துக்குச் சுமார் 8 சதவீத ஸ்டிக்குல பிழை வந்திருக்கு. 2003-ல பெல்ஜியம் தேர்தல்ல ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு அதிகம் விழுந்துச்சு. 2-ஐ 12 தடவை பெருக்கிப் பாருங்க, அதே 4096 வரும்; அதனால ஒரே ஒரு பிட் புரண்டதுன்னுதான் சந்தேகம்.

கேம் ஆடற பிசின்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். உங்களோடது அடுத்தவங்க கல்யாணம்.

ஒண்ணு கவனிங்க: சர்வர்ல கழட்டின ரெஜிஸ்டர்டு ராம் மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, சாதா ரைசன் (ஏஎம்டி ப்ராசஸர்) போர்டுல ஓடாது. ரைசன் 5600ஜி ப்ராசஸரும் ஈசிசி எடுக்காது.

ரெண்டு ஸ்லாட்:

டிடிஆர்5 ராம்லதான் ஈசிசி உள்ளேயே வருதே?

பழைய இரும்பு:

அது சிப்புக்குள்ள மட்டும். சிப்புலேர்ந்து ப்ராசஸர் போற வழியில கெட்டா அதுக்குத் தெரியாது. பெட்டியில போட்டிருக்கறதைப் பார்த்து ஏமாறாதீங்க.

முகூர்த்த கேமரா:

மெம்டெஸ்ட் மூணாவது மணி நேரத்துலயே சிவப்பாயிடுச்சு. ஒரே முகவரி, திரும்பத் திரும்ப. அந்த ஸ்டிக்கைக் கழட்டிட்டேன், ஈசிசி எடுக்கற போர்டு தேடிட்டிருக்கேன். கார்டை எப்பவோ அழிச்சாச்சு. இப்ப பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணி, ஸ்கேன் பண்ண ஆல்பத்தைக் கொஞ்சம் குடுங்கன்னு கேக்கணும். என்ன காரணம் சொல்றதுன்னுதான் தெரியலை.