விரைக்குள் செரட்டோனினுக்கு என்ன வேலை?

ஆய்வகவாசி:
"செரட்டோனின் மூளைச் சரக்கு, விந்தணுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். செரட்டோனின் செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் வேதிப்பொருள்; உடம்பிலுள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாவது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவும் போகாது. விரையின் மாஸ்ட் செல்லிலும் (ஒருவகை நோயெதிர்ப்பு செல்) செரட்டோனின் உண்டு. எலியில் செரட்டோனினைப் பிடிக்கும் 5-எச்டி2 ஏற்பியைத் தூண்டினால், டெஸ்டோஸ்டிரோன் செய்யும் லேடிக் செல் சிஆர்எஃப் என்ற அடக்கும் ஹார்மோனைச் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன் எல்எச் சொன்னாலும் அது குறையும். மனிதனில்? 2010 பராக்ஸிடின் (செல்கள் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும் மனச்சோர்வு மாத்திரை) ஆய்வைப் பாருங்கள். ஆரோக்கியமான 35 ஆண்கள். விந்தணு டிஎன்ஏ சிதைவு (டிஎன்ஏ உடைந்த விந்தணுக்களின் பங்கு) சராசரி 13.8 சதவீதத்திலிருந்து 30.3 ஆனது. உற்பத்தியே கெடுகிறது. இன்னும் என்ன வேண்டும்?

கறார் கணக்கன்:
காலண்டர் வேண்டும். மாத்திரை தொடங்கி 4-வது வாரத்திலேயே பாதிப்பேர் 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். அதாவது 28 நாள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அதன் பிறகு எபிடிடிமிஸில் (விரைக்கு வெளியே விந்தணு முதிர்ந்து தங்கும் குழாய்) ஒன்றிரண்டு வாரம். 28-க்குள் 74 அடங்குமா?

ஆய்வகவாசி:
74 என்பது முழு வரிசை. அதன் கடைசி மூன்று வாரம் ஸ்பெர்மாடிட் நிலை, அதாவது உருண்டை செல் வால் முளைத்து விந்தணுவாகும் கட்டம். அப்போதுதான் டிஎன்ஏவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் என்ற புரதம் கழன்று, அதை இன்னும் இறுக்கிக் கட்டும் புரோட்டமைன் ஏறும். டிஎன்ஏவில் வெட்டு விழுந்து திரும்ப ஒட்டும். எபிடிடிமிஸுக்கு 14 நாள் கழித்தாலும் பாக்கி 14 நாள் விரைக்குள்தான் இருந்திருக்கிறது. உங்கள் காலண்டரில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டீர்களா?

கறார் கணக்கன்:
அப்படியானால் 74 இப்போது 14 ஆகிவிட்டது, நல்லது. அதே ஆய்வில் எண்ணிக்கை, நகர்வு, வடிவம் எதுவும் மாறவில்லை. ஆனால் 47 சதவீதம் பேர் வரை விந்து வெளியேறுவதில் சிரமம் சொன்னார்கள். வெளியேறாமல் தேங்கினாலே சிதைவு ஏறும். பரிசோதனைக்கு விந்து மாதிரி கொடுக்கவும் 2 முதல் 7 நாள் இடைவெளி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழாயில் தேங்கியதை ஆலையின் மேல் ஏன் போடுகிறீர்கள்?

ஓரத்து ஆள்:
விந்து வெளியேற்றத்தை நடத்தும் தண்டுவடம் மூளைக்கு உள்ளேயா வெளியேயா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

மருந்துப்பெட்டி:
எஸ்எஸ்ஆர்ஐ (பராக்ஸிடின் வகை மாத்திரை) போட்டால் விரையில் செரட்டோனின் கூடும் என்று இருவருமே பேசாமல் ஒப்புக்கொண்டு ஓடுகிறீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு செரட்டோனினைத் தானே செய்வதில்லை, குடலிலிருந்து வருவதை உறிஞ்சி வைக்கிறது. மாத்திரை அந்த வாசலை அடைத்துவிடும். சில வாரத்தில் முழு ரத்த அளவு சரியும். பரிசோதனைக்குச் சீரம் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் திரவம்) எடுப்பது இன்னொரு கூத்து: ரத்தம் உறையும்போது தட்டணு கொட்டுவதும் சேர்ந்து அளவு பொய்யாக ஏறும். உறையவிடாமல் பிரித்து, தட்டணு நீக்கிய பிளாஸ்மாதான் எடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் பராக்ஸிடினைத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றும், தூக்கம் கெடும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கறார் கணக்கன்:
தட்டணு பிறகு. 28-க்குள் 74 அடங்குமா?

சொல்லாய்வன்:
"விரை" கொச்சை. "விந்தகம்" என்று எழுதுங்கள்.

ஆய்வகவாசி:
விரைவீக்கத்தை "விந்தகவீக்கம்" என்று யார் சொல்கிறார்கள்? அகராதியைத் திறந்து பாருங்கள்.

சொல்லாய்வன்:
திறந்துதான் சொல்கிறேன். மரியாதையாகப் பேசுங்கள்.

மருந்துப்பெட்டி:
ஹாம்ஸ்டர் விந்தணுவில் செரட்டோனின் நேரடியாகவே வேலை செய்கிறது. வாலடியின் வீச்சு கூடுகிறது. உருவாகி முடிந்த விந்தணுதான் அது. உற்பத்திக் கணக்கே அங்கே தேவையில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரும் சான்று, ஆனால் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கறார் கணக்கன்:
ஹாம்ஸ்டருக்கு யார் இங்கே குழந்தை கேட்டது? "உற்பத்தியே கெடுகிறது" என்ற வரி இன்னும் மேலே அப்படியே நிற்கிறது. அதைத் திருத்தச் சொல்லுங்கள், போய்விடுகிறேன்.

ஆய்வகவாசி:
14 நாளுக்குப் பதில் வந்ததும் திருத்துவதைப் பற்றி யோசிக்கிறேன்.

கறார் கணக்கன்:
74.