கழுத்துக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகள்: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டதா?

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, சீனி, பிரஷர் இரண்டும் நெடுநாளாக இருக்கிறது. போன மாதம் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை சோர்ந்து கோப்பை விழுந்து, வாயும் குழறி, அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் கழுத்து டொப்ளர் (இரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்து, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கக் கரோட்டிட் குழாய் 80 சதவீதம் சுருங்கியிருக்கிறது என்றார்கள். இருதய வருத்தமும் இருப்பதால் கழுத்தைக் கீறி அடைப்பை எடுக்கும் ஒப்பரேஷன் வேண்டாம், குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழல், அதாவது ஸ்டென்ட், வைப்போம் என்று டொக்டர் சொல்ல, கொழும்பில் வைத்தோம். ஆள் இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், பேரனோடு ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கிறார். ஆனால் மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் 'புதிய, மிகச் சிறிய, பல ரெஸ்ட்ரிக்டட் டிஃப்யூஷன் புள்ளிகள்' என்று எழுதியிருக்கிறது, அதில் ஒன்று வலப்பக்கம்! ஸ்டென்ட் வைத்தது இடப்பக்கம்தானே? கேட்டதற்கு "பயப்பட ஒன்றுமில்லை, மருந்தை மட்டும் விடாதீங்க" என்று டொக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெரியப்பா வேறு "அப்பவே ஒப்பரேஷன் செய்திருக்க வேணும்" என்று போனில் ஓயாமல் சொல்லுகிறார். விளங்கினவர்கள் யாராவது சொல்லுங்கோ.

ஸ்கேன் அறை:
தங்கச்சி, முதலில் மூச்சு விடுங்கோ. டிஃப்யூஷன் என்பது எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம். இரத்தம் கிடைக்காமல் மூளையில் ஒரு சின்ன இடம் வாடினால், சாதாரண சி.டி.யில் தெரியாததும் இதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஸ்டென்ட் வைக்கும்போது குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துகளும் இரத்தக் கட்டியும் கொஞ்சம் உடைந்து மேலே போவது அபூர்வம் இல்லை, வடிகட்டி வைத்துச் செய்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். ஸ்டென்ட்டையும் ஒப்பரேஷனையும் ஒப்பிட்ட ஐ.சி.எஸ்.எஸ் என்ற பெரிய ஆய்வின் எம்.ஆர்.ஐ பகுதி 2010இல் வந்தது. அதில் ஸ்டென்ட் வைத்த 124 பேரில் 62 பேருக்கு, அதாவது சரிபாதிக்கு, இப்படிப் புதுப் புள்ளிகள். ஒப்பரேஷன் செய்த 107 பேரில் 18 பேருக்கு. அவர்களில் பெரும்பாலானோருக்கு வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் தழும்பு மிஞ்சியிருந்தது ஸ்டென்ட் பக்கம் 33 சதவீதத்தினருக்கும் ஒப்பரேஷன் பக்கம் 8 சதவீதத்தினருக்கும்தான்.

வலப்பக்கப் புள்ளி பற்றி: ஸ்டென்ட் வைக்கத் தொடை வழியாகப் போகும் கம்பி இருதயத்துக்கு மேலே இருக்கும் பெருநாடி வளைவைத் தாண்டித்தான் கழுத்துக்கு வரவேண்டும். வயதானவர்களுக்கு அந்த வளைவே கொழுப்புப் படிந்து கரடுமுரடாக இருக்கும், அங்கே உரசி உடைகிற துகள் எந்தப் பக்கத்துக்கும் போகலாம்.

மருத்துவக் கணக்கில் இந்தப் புள்ளி சின்னதொரு சேதம்தான், ஆனால் கை, கால், பேச்சு ஒன்றும் கெடவில்லை என்றால் 'ஸ்ட்ரோக் வந்துவிட்டது' என்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காக அலட்சியமும் வேண்டாம். அதே ஆட்களைப் பல வருஷம் கவனித்தபோது, ஸ்டென்ட்டுக்குப் பிறகு புள்ளி வந்தவர்களில் 5 வருஷத்துக்குள் மறுபடி ஸ்ட்ரோக்கோ தற்காலிக ஸ்ட்ரோக்கோ வந்தது 22.8 சதவீதத்தினருக்கு, வராதவர்களில் 8.8. அப்படிப்பட்டவர்களின் குழாய்களே கொஞ்சம் மோசம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். டொக்டர் மருந்தை விடாதீங்க என்றது அதற்குத்தான்.

மடத்தடி:
அப்ப பாதிப் பேருக்கு மூளையில் துகள் போகுது என்று தெரிந்துகொண்டே ஏன் ஸ்டென்ட் வைக்கிறார்கள்? பெரியப்பா சொன்னது சரிதானே?

ஸ்கேன் அறை:
படத்தை மட்டும் பார்த்தால் சரி. 70 வயது தாண்டியவர்களுக்கு ஸ்ட்ரோக் விஷயத்தில் ஒப்பரேஷனே மேல் என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒப்பிட்ட கிரெஸ்ட் என்ற இன்னொரு ஆய்வில் 2502 பேரைப் பார்த்தார்கள். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்ட்ரோக் ஸ்டென்ட்டில் 4.1, ஒப்பரேஷனில் 2.3 சதவீதம். மாரடைப்பு அப்படியே தலைகீழ், ஸ்டென்ட்டில் 1.1, ஒப்பரேஷனில் 2.3. இருதயம் பலவீனமான ஆளுக்கு அந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம். கழுத்தைக் கீறும்போது நரம்பில் பட்டுக் குரல் அடைப்பதும் உண்டு. பெரியப்பா அப்பாவின் எக்கோ (இருதய ஸ்கேன்) ரிப்போர்ட் பார்த்துவிட்டா பேசுகிறார்?

கிண்ணியாவான்:
எங்கட மாமாவுக்கும் இதே கதைதான் தங்கச்சி. இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். மனுஷன் பல்லுப் பிடுங்கப் போறன் என்று யாரையும் கேளாமல் இரண்டையும் நிற்பாட்டிவிட்டார், மாத்திரை முழுக்க மைலோ டின்னுக்குள் கிடந்ததை மாமிதான் கண்டுபிடித்தா. நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிளினிக்கில் வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை, புது ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தால் குழாய் அப்படியே அடைத்துவிடுமாம். இன்னொன்று, முதல் கொஞ்ச நாள் பிரஷரை வீட்டிலேயே அளந்து எழுதுங்கோ. கடும் தலையிடி, வலிப்பு, பிரஷர் ஏற்றம் என்றால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.

உப்புவெளி மகள்:
பெரிய நன்றி அண்ணை, நானாவுக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன், கொலஸ்ட்ரோல் குளிசையை 'கால் உளையுது' என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாராம்! நல்ல ஆள். எம்.ஆர்.ஐ திரும்ப எடுக்க வேணுமா?

ஸ்கேன் அறை:
புதிதாக அறிகுறி எதுவும் இல்லை என்றால் பொதுவாகத் தேவைப்படாது. ஸ்டென்ட் திறந்திருக்கிறதா என்று டொப்ளரில்தான் பார்ப்பார்கள். குளிசையை அவராகக் குறைக்க விடாதீங்கோ, கால் உளைவைக் கிளினிக்கில் சொன்னால் வேறு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரோல் குளிசை) மாற்றித் தருவார்கள். போகும்போது ரிப்போர்ட் தாளோடு எம்.ஆர்.ஐ படம் பதிந்த டிஸ்க்கையும் கொண்டுபோங்கோ. படத்தைப் பார்க்காமல் யாரும் வடிவாகச் சொல்லமாட்டார்கள்.