கடற்காற்று சிகரெட் புகையைக் கொண்டுபோய்விடுமா?

உப்புவெளியான்:
பொது இடங்களில் புகைப்பதை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று நான் எழுதியதற்கு, "திருகோணமலைக் கடற்காற்றில் புகை நொடியில் கரைந்துவிடும்" என்று பழைய வள்ளம் அண்ணர் பதில் எழுதியது என்னை மிகவும் கோபப்படுத்தியது. கடந்த மார்கழியில், டச்சுக்குடாவுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையின் தகரக் கூரை இறக்கிய பத்தியில், தொய்வு நோயுள்ள (ஆஸ்துமா) என் மகளுடன் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்து வாங்கில் இருவர் விட்ட புகை கரையவில்லை; அவளுக்கு இழுப்பு வந்தது.

பழைய வள்ளம்:
முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவன் நான்; காற்றைப் பற்றி எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. திறந்த பத்தியில் புகை நிற்காது.

நிலாவெளி ஆசிரியை:
இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. கூரை மட்டும் உள்ள பத்தி மூடிய இடமாகுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோமே.

உப்புவெளியான்:
ரீச்சர், சட்டம் பிறகு இருக்கட்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. அப்போது வீதியோரக் கடைகளின் புகை கடற்கரை மணலில் விளையாடும் பிள்ளைகளின் முகத்தில்தான் படும். பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006இலேயே சொல்லிவிட்டது.

பழைய வள்ளம்:
கச்சான் காலத்திலும் பின்னேரங்களில் கடலிலிருந்து காற்று வரும் என்பது வலை இழுத்த எவருக்கும் தெரியும். நாள் முழுவதும் வெயிலில் உழைத்தவன் ஒரு சுருட்டைப் பற்றவைத்தால் குற்றம் என்கிறீர்கள். பேருந்துகள் கக்கும் கரும்புகையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

உப்புவெளியான்:
பேருந்தை இதற்குள் இழுக்க வேண்டாம். நகரத்து மான்கள் பொலித்தீன் தின்பதைப் பற்றி நான் போன மாதம் எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். அதை நான் மறக்கவில்லை. என் மகள் நின்ற அன்று வீசியது, கடலிலிருந்து வரும் வடகிழக்கு வாடைக்காற்று. நீங்கள் சொல்லும் அதே கடற்காற்றுதான். மழைச்சாரலைப் பத்திக்குள் தள்ளிய அந்தக் காற்று, புகையையும் எங்கள் மேலேதான் தள்ளியது.

பழைய வள்ளம்:
காற்று வரும் பக்கமாகப் பிள்ளையை நிறுத்தியிருந்தால் புகை பட்டிருக்காது, தம்பி.

உப்புவெளியான்:
தொய்வுள்ள பிள்ளையைச் சாரலில் நனைய விடச் சொல்கிறீர்களா? புகைத்தவர்கள் எழுந்து போயிருக்க வேண்டும். மறுபடியும் கேட்கிறேன்: அந்த வாடையில் புகை எங்கே கரைந்தது?