கடற்கரைப் படங்களில் முகம் இருண்டும் மணல் மங்கியும் வருவது ஏன்?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் காலை ஏழரை மணியளவில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் என் குடும்பத்தாரைப் படம் எடுத்தேன். பின்னணியில் கடல் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரையும் அலைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். முகங்கள் கரி அப்பியதுபோல் வந்துவிட்டன. வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் முழுதும் வெளுத்துப் போகிறது. பதினோரு மணிக்கு எடுத்தவற்றிலோ, கண்ணைக் கூச வைத்த மணல் அழுக்கான சாம்பல் நிறத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது 18-55 மி.மீ. லென்ஸுடன் கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா. பொங்கல் விடுமுறையில் எண்பது வயதைக் கடந்த என் பாட்டியை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்கிறோம். கடற்கரைக் கோயிலுடன் அவரை ஒரு படமாவது நன்றாக எடுத்துவிட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.

கரைவலை:
வணக்கம் நண்பரே. உங்கள் கேமராவில் குறை ஏதும் இல்லை. நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால், ஒளி முழுவதும் அவர்களின் முதுகில் விழுந்து, முகம் நிழலில் நின்றுவிடுகிறது. கடலும் முகமும் சேர்ந்து தெளிவாக வர வேண்டுமென்றால் மாலை நான்கரை மணிக்கு மேல் செல்லுங்கள். அப்போது வெயில் நிலத்தின் பக்கமிருந்து சாய்வாக வந்து முகத்தில் விழும். கடலும் நல்ல நீலமாகத் தெரியும். காலையில்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால் ஃபிளாஷைப் போட்டு முகத்தின் நிழலை நிரப்புங்கள். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷுக்கு ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/200 அல்லது 1/250 வினாடியைத் தாண்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

மணல் சாம்பலாவதற்குக் காரணம் வேறு. எதைக் கண்டாலும் அதை நடுத்தரமான சாம்பல் செறிவுக்குக் கொண்டுவரவே கேமராவின் ஒளிமானி முயலும். பளிச்சிடும் மணல் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால் கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +1 அளவுக்கு உயர்த்தி, ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழுவதை எந்த அமைப்பும் சரிசெய்யாது. அந்நேரத்தில் பாட்டியைச் சவுக்கு மரங்களின் நிழல் முடியும் ஓரத்தில், வெயில் படும் மணலைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். மணலிலிருந்து மேலெழும் எதிரொளி முதியவர்களின் முகத்திற்கு மிக இதமாக இருக்கும்.

உப்பங்கழி:
மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: சமதரையான கரையில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்க, அவர் கண் மட்டத்தில் கேமராவைப் பிடித்தால் கடற்கோடு அவர் கண்களை அறுத்துக்கொண்டு போகும். குனிந்து, அவர் மார்பளவுக்குக் கேமராவைத் தாழ்த்துங்கள். முகம் வானத்தின்மேல் தனித்து நிற்கும்.

அலைத்துளிகளை உறைய வைக்க 1/1000 வினாடி ஷட்டர் வேகமும், பின்வாங்கும் நுரை கோடுகளாக இழுபட ஏறத்தாழ அரை வினாடியும் பொருந்தும். பின்னதற்கு ட்ரைபாட் வேண்டும். கால்களை மணலில் ஆழமாக அழுத்தி ஊன்றாவிட்டால் ஒவ்வோர் அலையும் அடிமணலை அரித்து அதைச் சாய்த்துவிடும்.

கரையில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். காற்று வீசிய ஒரு மாலையில் நான் அப்படிச் செய்து, சென்சாரில் (படத்தைப் பதிவுசெய்யும் பகுதியில்) மணல் புகுந்து, அந்தப் பயணத்தின் படங்கள் அனைத்திலும் கறையைக் கண்டு வருந்தினேன். வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, அதன் பிறகே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடையுங்கள். நேரே துடைத்தால் மணல் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து எடுத்துச் செல்வதானால் அரை மணி நேரம் மூடிய பையிலேயே வைத்திருங்கள், லென்ஸில் நீர் பூக்காது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, நிலத்தைப் பார்த்துப் படமெடுக்கும் ஆர்வத்தில் அலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

நெய்தல்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயிலுக்குப் பின்னே சூரியன் எழுவதையும் எடுக்க முடியுமா? பாட்டியின் படத்திற்கு எங்கே நிற்பது?

கரைவலை:
பொங்கல் சமயத்தில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை தெற்கே தள்ளி, காலை ஆறரை மணியை ஒட்டி எழும். ஆகவே கோயிலுக்கு வடபுறக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், ஜூன் மாதத்தைவிட அப்போது சூரியன் கோயிலின் விமானங்களுக்கு (கருவறைமேல் எழும் கோபுரங்களுக்கு) மிக நெருக்கமாகத் தெரியும். ஆறு மணிக்கே அங்கு இருங்கள். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்த விமானங்களை நிழலுருவமாக எடுக்க, வானத்தின் ஒளியை அளந்து அந்த எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மாறாமல் பூட்டிக்கொண்டால் போதும்.

பாட்டியின் படத்தை மாலைக்கு வையுங்கள். அன்று சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு மறையும். நாலே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை ஒளி நன்றாக இருக்கும். கோயில் வளாகத்தின் தென்மேற்கே நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னிருந்து பாட்டியின் முகத்திலும் கோயிலின் கல்லிலும் ஒருங்கே விழும். கண் கூசினால் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். லென்ஸை 55 மி.மீ. பக்கம் வைத்து, சில அடிகள் பின்னால் வந்து எடுத்தால் கோயில் சிறுத்துப் போகாமல் அவர் தோளுக்குப் பின்னே பெரிதாக நிற்கும். உள்ளே ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அந்த ஒளியில் உங்களுக்கு அது தேவைப்படாது.