டச்சு தெரியும் என்ற தைரியத்தில் ஆப்ரிகான்ஸ் பேசி மாட்டிக்கொண்ட கதைகள்

நெதர்லாந்தின் உட்ரெக்டில் 4 வருடம் இருந்ததில் டச்சு ஓரளவு வரும், அந்தத் தைரியத்தில்தான் டச்சிலிருந்து பிறந்த ஆப்ரிகான்ஸ் பேசும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் போனேன். பட்டறையில் விட்டிருந்த என் பழைய காரைப் பற்றி ஒருநாள் செய்தி வந்தது: "யோவ் மோட்டர் இஸ் அம்பர் க்ளார்." (யோவ் என்றால் 'உன்', திட்டவில்லை.) டச்சில் அம்பர் என்றால் 'இப்போதுதான், அதுவும் அரும்பாடுபட்டு' என்கிற மாதிரி. சரி, ஒருவழியாக முடித்துவிட்டார் என்று டாக்சி பிடித்துப் போனால் எஞ்சினில் பாதி தரையில் கிடக்கிறது. ஆப்ரிகான்சில் அம்பர் என்றால் 'கிட்டத்தட்ட'! எப்போது முடியும் என்றேன், "நோவ்-நோவ்" என்றார். டச்சில் நௌ என்றால் 'இப்போது', அதையே இரண்டு தடவை சொன்னால் இன்னும் சீக்கிரம்தானே? ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

மலாயில் ஹம்பிர் என்றாலும் 'கிட்டத்தட்ட'தான். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய கேப்டவுன் இருக்கும் கேப்பில் இறங்கிய பிறகு கிழக்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மலாய் அங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டது, 'நிறைய' என்பதற்கு அவர்கள் சொல்லும் பாயெகூட மலாய் பாஞாக்தான். அம்பர் பொருள் மாறியதிலும் மலாய்க்குக் கை இருக்கிறது என்பது என் கட்சி.

•

எனக்கு நேர் எதிர். நான் டர்பன்காரி, பள்ளியில் ஆப்ரிகான்ஸ் படித்தவள். ராட்டர்டாமில் தங்கிய வீட்டில் கொம்பேஸ் எங்கே என்று கேட்டதும் வீட்டுக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்கு அது சாதாரண சமையலறை, அவர்களுக்குக் கப்பலில் இருக்கும் சமையலறை மட்டும்தான். கப்பலில் வந்தவர்கள் கரை இறங்கியும் அந்தப் பேரை விடவில்லை போல. மறுநாள் வயிறு சரியில்லை, "ஆர்டக்"காக இருக்கிறது என்றேன். ஆப்ரிகான்சில் ஒரு மாதிரி குமட்டுகிறது என்று அர்த்தம், டச்சில் அதே சொல் 'இனிமையான'. இன்னொரு துண்டு கேக் வந்தது.

•

நான் யாழ்ப்பாணம். எங்கட ஆச்சி அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்லுவா, 1658 முதல் 1795 வரை அங்கே ஆண்ட டச்சுக்காரர் விட்டுப்போன கந்தோர், அதனால் அந்தச் சொல் எனக்கு டச்சு, ஆப்ரிகான்ஸ் இரண்டிலும் சுலபம். ஆனால் பிரிட்டோரியாவில் டச்சு நண்பனோடு பழைய சாமான் கடைக்குப் போனபோது, கடைக்காரர் ஒரு மரச்சட்டத்தைக் காட்டி "காட்டல்" என்றார். நம்முடைய கட்டிலேதான், போர்ச்சுகீசியர் வழியாகவோ மலாய் வழியாகவோ போய்ச் சேர்ந்தது. டச்சுக்காரன் முழித்தான், நான் விலை கேட்டேன்.