ஐப்பசி, கார்த்திகை வார இறுதி: நாலு பேர், மூவாயிரம் ரூபாய். காரா, பஸ்ஸா, ரயிலா?

தாம்பரத்தான் | வெள்ளி இரவு 9.10

தீபாவளிச் செலவில் கையிருப்பு கரைந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளுக்கு வெயில் இல்லாத நாட்கள் இவை மட்டும்தான். மே மாதத்தில் செஞ்சிக் கோட்டைப் படியில் கால் வைக்க முடியாது, பாறை கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சனிக்கிழமை காலையில் அதே மலை வேறு மலை. பழந்தமிழ் மரபில் இந்த இரண்டு மாதத்துக்கும் கூதிர்காலம் என்று பெயர். நமக்கு இலையுதிர்காலம் என்பது இதுதான்.

நாலு பேர் குடும்பத்துக்குச் சொந்தக் கார்தான் மலிவு என்பது என் கட்சி. தாம்பரத்திலிருந்து செஞ்சி போய்வர, தாராளமாக 300 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 என்றால் 20 லிட்டர், ஏறத்தாழ 2,000 ரூபாய். பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளை நாலு முறை கடக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டை அப்போதைய விலையான 3,000 ரூபாய்க்கு வாங்கினேன், 200 கடப்பு, அதாவது ஒரு கடப்புக்கு 15 ரூபாய். ஆக மொத்தம் 2,060. வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டால் ஹோட்டல் செலவு கிடையாது. பஸ்ஸில் போனாலும் நாலு பேருக்கு ஆயிரத்துக்குக் குறையாது, ஆட்டோ தனி. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகப் பிள்ளைகளை நிற்க வைத்துக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை.

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 9.52

தம்பி, கணக்கு இடிக்கிறது. 15 ரூபாய் என்பது 200 தடவையும் கடப்பவருக்கு. சீட்டின் ஆயுள் ஒரு வருஷம். நீங்கள் வருஷத்துக்கு எத்தனை தடவை சாவடி கடக்கிறீர்கள்? ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து எண்ணிப் பாருங்கள். நாலைந்து பயணம் போகிறவருக்கு 20, 25 கடப்பு வந்தால் பெரிது. அப்போது ஒரு கடப்பு 120 ரூபாய்க்கு மேல். அது தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்கான சீட்டு. இன்னொன்று, அது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான். மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் அங்கே உதவாது.

அடுத்தது டயர், ஆயில், சர்வீஸ். பெட்ரோலை மட்டும் எழுதிவிட்டு இவற்றை விடுவது, அரிசி விலையை மட்டும் சொல்லிச் சாப்பாடு மலிவு என்பது போல. அரசுப் பேருந்து விரைவு வண்டியில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கு உள்ளேதான் வருகிறது. செஞ்சி 150 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 150, போய்வர 300, நாலு பேருக்கு 1,200-ஐத் தாண்டாது. உங்கள் 2,060-க்கும் இதற்கும் 860 ரூபாய் இடைவெளி. அது எனக்குச் சின்ன வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத காஸ் சிலிண்டர்.

நிலாமுற்றம் | வெள்ளி இரவு 10.20

ஐயா, ரூபாய்க் கணக்கு சரி. பஸ்ஸில் போகிற அம்மாவின் கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். மூன்றரை மணி நேரப் பஸ்ஸில் ஆறு வயசுப் பொண்ணுக்கு அவசரம் என்றால் எங்கே இறங்குவது? எனக்கே அவசரம் என்றால்? கிளம்புவதற்கு முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் போகிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் தெரியுமா? என் மாமியார் அப்படித்தான். திரும்பி வந்ததும் இரண்டு நாள் உடம்புக்கு முடியாமல் படுத்தார். அந்த மருத்துவச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்னொன்று ஞாயிறு சாயங்காலம். திண்டிவனத்தில் நின்று சென்னை பஸ் ஏறிப் பாருங்கள், தெற்கேயிருந்து வருகிற எல்லா வண்டியும் நிறைந்துதான் வரும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கார் இருக்கிறவர்கள் எடுக்கட்டும் என்பேன்.

காவேரிக்கரை | வெள்ளி இரவு 11.05

அதுக்குத்தான் ரயிலு. பெட்டிக்குப் பெட்டி கழிவறை இருக்கு. நிலாமுற்றம் அக்கா, உங்க முதல் கவலை அங்கேயே தீந்துடும்.

எங்க ஊருக்கு வாங்க, மயிலாடுதுறைக்கு. மாயூரம், மாயவரம்னு சொல்றதும் இதைத்தான். சென்னையிலேருந்து காலையில கிளம்புற சோழன் எக்ஸ்பிரஸ்ல இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு முன்பதிவு பண்ணுங்க. 280 கிலோமீட்டருக்கு ஆளுக்கு 150 ரூபாய்க்குள்ளதான். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குத் தனி இடம் கேக்கலேன்னா டிக்கெட்டே வேணாம். கார்ல வந்தா போய்வர 500 கிலோமீட்டருக்கு மேல, பெட்ரோலே 3,000-ஐத் தாண்டும்.

ஐப்பசி மாசம் முழுக்கத் துலா கட்டத்துல காவேரி முழுக்கு. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது'ன்னு சும்மா சொல்லலை. கடைசி நாள் கடைமுகத்துக்குக் கூட்டம் நெரியும், சின்னப் பிள்ளைகளோட அன்னைக்கு வேணாம். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள்ள வந்து சேர முடியாத முடவனுக்காக ஒரு நாள் நீட்டிக் கொடுத்த கதை. எங்க அப்பத்தா அன்னைக்குத்தான் போவாங்க.

அங்கேருந்து தரங்கம்பாடி 30 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கு. 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடலைப் பாத்து நிக்குது. பக்கத்துலயே மாசிலாமணி நாதர் கோயில், அலை அரிச்சு முன்பக்கம் போனது போக மிச்சம் நிக்குது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல வந்து இறங்கின ஊரு. கரையில உக்காந்து பாக்கக் காசே வேணாம். சாயங்காலம் கோட்டைச் சுவத்துல மஞ்ச வெயில் விழுறப்ப பிள்ளைங்க கூட ஓட்டத்தை நிறுத்திட்டுப் பாக்கும்.

தாம்பரத்தான் | சனி காலை 6.30

காவேரிக்கரை தம்பி, ஊர் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு இரவு தங்கியாக வேண்டும், மூவாயிரத்துக்குள் அடங்குமா? டிக்கெட்டும் கிடைக்க வேண்டுமே. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாலேயே திறந்துவிடுகிறது. மழை பெய்யுமா என்று 60 நாளைக்கு முன்னால் யாருக்குத் தெரியும்? காரில் வெள்ளி இரவு வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுச் சனி காலை முடிவு செய்யலாம். இதைக் கணக்குப்பிள்ளை ஐயா எடைபோடவே இல்லை.

மலைவாசல் | சனி காலை 8.15

ஏற்காட்டில் சிறிய விடுதி நடத்துகிறேன், ஆறு அறைகள். மலிவு என்று பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாத வாடகையில் பாதிக்கும் கீழே ஐப்பசியில் அறை தருகிறோம். காலி அறைக்கும் மின்கட்டணம் உண்டு, ஆளுக்குச் சம்பளம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நேரே போன் செய்து கேளுங்கள். செயலி வழியாக வந்தால் அவர்களுக்கு நாங்கள் தரும் கமிஷனும் வாடகையில்தான் ஏறுகிறது. சனி இரவை விட்டு ஞாயிறு இரவு தங்கினால் இன்னும் குறையும். திங்கள் விடுப்பு கிடைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. சேலம் வரை ரயில், அங்கிருந்து அரசுப் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு. மூடுபனியில் அந்தப் பாதையைத் தெரிந்த ஓட்டுநர் ஓட்டுவதே எனக்கு நிம்மதி. சமவெளியில் மட்டும் கார் ஓட்டிப் பழகியவர்கள் அடைமழையில் மலையேறி வந்து நிற்கும்போது பிரேக் தேய்ந்த வாடை வாசல் வரை வரும்.

நிலாமுற்றம் | சனி காலை 9.00

மலைவாசல் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் மழைக்கால மலைச் சலுகையில் எனக்குப் பட்ட காயம் இருக்கிறது. ஒரு நவம்பரில் குன்னூர்ப் பக்கம் பாதி விலைக்கு அறை என்று முழுப் பணத்தையும் கட்டினோம். மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தால் பாதையில் மண்சரிவு. மலை ரயிலும் ரத்து. கோத்தகிரி வழி சுற்றிப் போக அந்த மழையில் வண்டி ஓட்டுநர் மறுத்துவிட்டார், அவர் செய்தது சரி. விடுதியில் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. பாதி விலை அறை கடைசியில் எங்களுக்கு முழு நஷ்டம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நீலகிரிப் பக்கம் மலிவு என்று கிளம்பாதீர்கள், பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம்.

மலைவாசல் | சனி காலை 9.25

தங்கச்சி, அது அநியாயம். பாதை அடைபட்டால் பணம் திருப்புவதுதான் முறை, அல்லது வேறு தேதி தர வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கிற இடத்தை எல்லோரும் தவிர்த்துவிடுங்கள். 'பாதை மூடினால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வாகனத்தில் ஊட்டி, கொடைக்கானல் போவதற்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அரசுப் பஸ்ஸில் போகிறவருக்கு வேண்டாம். தாம்பரத்தான் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

வைகைமணல் | சனி பகல் 12.40

இழை முழுக்கச் சென்னையைச் சுத்தியே போகுதே. மதுரைக்காரங்களும் இருக்கோம்ல.

கீழடி அருங்காட்சியகம் எங்களுக்கு 12 கிலோமீட்டர்தான். சாதாரண டவுன் பஸ்ல ஏறுனா விடியல் பயணத்துல என் வீட்டம்மாவுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்ல, எனக்கும் பையனுக்கும் மட்டும்தான். பறவை பாக்க வேட்டங்குடி சரணாலயம், சிவகங்கை மாவட்டம். பறவை மிரளும்னு அங்க இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி சனங்க தீபாவளிக்கு வெடியே போட மாட்டாக. அந்த ஊரைப் பாக்கவே போகணும்ணே. அரை நாள்ல போயிட்டு வர்ற இடத்தை விட்டுட்டு எதுக்கு 300 கிலோமீட்டர் பேச்சு? தூரத்தைக் குறைச்சா வண்டிச் சண்டையே வராது.

கணக்குப்பிள்ளை | சனி மாலை 4.10

வைகைமணல் சொல்வதை வழிமொழிகிறேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு, 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 35. பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். அர்ச்சுனன் தபசுப் பாறையைத் தெருவில் நின்றே பார்க்கலாம். நாலு பேரும் 600 ரூபாய்க்குள் போய்வந்துவிடலாம். மழை வந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பலாம், இழப்பு ஒன்றுமில்லை. தாம்பரத்தான் கேட்ட 'கடைசி நேர முடிவு' இதிலும் இருக்கிறது.

தாம்பரத்தான் | சனி இரவு 8.45

ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து எண்ணினேன். சீட்டு வாங்கியது முதல் இதுவரை 22 கடப்பு. வருஷம் முடிய இதே அளவில் நின்றால் கடப்புக்கு 136 ரூபாய். 15 என்று எழுதியது என் தவறு, திருத்திக்கொள்கிறேன். மலைக்குக் கார் எடுப்பதையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால் செஞ்சியை விட்டுத்தர மாட்டேன். ராஜகிரி உச்சி 800 அடி உயரம், பிற்பகலில் ஏற விடமாட்டார்கள். காலை எட்டரைக்குள் அடிவாரத்தில் இருந்தால்தான் பிள்ளைகளோடு நிதானமாக ஏறி இறங்கலாம். கிளாம்பாக்கத்துக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்து அந்த நேரத்துக்குப் போக முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்த பிறகு கூட்டமும் கூடியிருக்கிறது. என் தங்கை குடும்பம் மூன்று பேர், அவர்கள் காரை எடுக்காமல் என் காரிலேயே பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் செலவு பாதி.

நிலாமுற்றம் | சனி இரவு 9.05

ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் வேண்டாம் அண்ணா. அந்த மிச்சம் நமக்கு வேண்டாம். பாதிப் பேர் ரயிலில் திண்டிவனம் வரை வரட்டும், அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர்தான்.

கணக்குப்பிள்ளை | சனி இரவு 9.30

அந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். செஞ்சிக்கு விடிகாலையில் போக முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. திருவண்ணாமலை பஸ் அந்த வழிதான், நாலு மணிக்கே வண்டி உண்டு. என்ன ஒன்று, பௌர்ணமி வாரமும் கார்த்திகை தீப வாரமும் அந்தச் சாலைக்குப் போகாதீர்கள். கார் என்றாலும் பஸ் என்றாலும் நகராது.

தாம்பரத்தான் | ஞாயிறு காலை 7.00

ஏழு பேர் யோசனையைக் கைவிட்டேன், நிலாமுற்றம் சொன்னது சரி. அடுத்த சனி மழையில்லாவிட்டால் நாங்கள் நாலு பேர் காரில் செஞ்சி, தங்கை வீட்டார் ரயிலில் திண்டிவனம். மழை என்றால் எல்லோரும் மின்சார ரயிலும் பஸ்ஸுமாக மாமல்லபுரம். காவேரிக்கரை தம்பி, முடவன் முழுக்குக்கு மறு வாரம் சோழனில் நாலு இருக்கை இருக்கிறதா என்று பார்க்கிறேன். தரங்கம்பாடியில் பிள்ளைகளோடு தங்க, முன்பணம் அதிகம் கேட்காத இடம் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

காவேரிக்கரை | ஞாயிறு காலை 7.40

தரங்கம்பாடியில தங்க வேணாம்ணே, மாயவரத்துலயே தங்கிக்கங்க, வாடகை கம்மி. காலையில முதல் பஸ்ல தரங்கம்பாடி போயிடலாம். வானிலை மட்டும் பாத்துட்டு வாங்க. புயல் சின்னம்னு அறிவிப்பு வந்துச்சுன்னா டிக்கெட்டை உடனே ரத்து பண்ணிடுங்க, புடிச்சுக்கிற காசு போனா போகுது.